ஜன்னலளவு இருட்டு

வெள்ளக்கோவிலில் திரை கட்டக் கம்பம் கிடைக்கவில்லை.
அரிசி மண்டிச் சுவர் போதும் என்றார் இயக்குநர்.
இருபத்தெட்டு அடி, சுண்ணாம்பு வாசம் போகாத வெள்ளை.
வலது கோடியில் மட்டும் ஒரு ஜன்னல்.
அதற்குள் யாரோ குடியிருந்தார்கள்.

வெளிச்சம் போகக் கூடாத இடங்களைக் கண்டுபிடிப்பதுதான்
என் சம்பளத்துக்குக் காரணம்.
உடுமலையில் ஒரு வேப்பங்கிளை.
ஊத்துக்குளி மண்டபத்தில், மேடைக்குப் பின்னே
ஜிகினாவில் எழுதிய நல்வரவு;
கழற்ற விடமாட்டேன் என்றார் மேனேஜர்.
எழுத்தெழுத்தாகச் சுற்றி வெட்டினேன்.
கடைசி எழுத்தின் வால் மட்டும்
காட்சிக்குக் காட்சி தண்ணீரில் நனைந்தது.
பவானியில் நிலா வந்து
தவில்காரர் குப்பண்ணனின் வழுக்கையில் உட்கார,
கூட்டம் சிரித்தது.
அடுத்த ஊரில் அவர் தலைக்கு ஒரு கறுப்பு வட்டம் வைத்தேன்.
ஆட்டாமல் வாசிங்கண்ணா என்றேன்.
ஆட்டாமல் எப்படி வாசிப்பது என்றார்.
வட்டத்தைப் பெரிதாக்கினேன்.

எங்கள் நாடகத்தில் ஆறுதான் கதாநாயகி.
முதல் காட்சியில் தெளிவு, மூன்றாவதில் ஊதா,
ஆறாவதில் நுரை,
கடைசியில் வெள்ளம்.

ஒத்திகையில் வெள்ளத்தைத் திறந்தபோது
ஜன்னலும் திறந்தது.
புருவத்தில் தறிப்பஞ்சு ஒட்டிய ஒரு மனிதர்.
"ஏனுங் அம்மணி,
உங்க ஆத்துத் தண்ணி
எம்பட ஊட்டுக்குள்ளார வருதுங்."
அவருக்குப் பின்னால்
காலண்டரிலும் தண்ணீர்க் குடத்திலும்
ஊதா ஓடிக்கொண்டிருந்தது.
"பத்து மணிக்கு எந்திரிச்சு சிப்டுக்குப் போவோணும்."
படுதா தரட்டுமா என்றேன்.
"காத்து வேணுமுங்."
சத்தம்?
"தறிக்குள்ளயே தூங்கிப் பழகுனவனுக்குச்
சத்தம் என்ன பண்ணும்?
வெளிச்சந்தான்."

லேப்டாப்பில் ஜன்னலைச் சுற்றி
நாலு புள்ளி வைத்துக் கறுப்பை ஊற்றினேன்.
"இன்னும் வெளுப்பா இருக்குதுங்."
உண்மைதான்.
புரொஜெக்டருக்குக் கறுப்பு தெரியாது;
அதற்குத் தெரிந்ததெல்லாம்
குறைந்த வெளிச்சம்.
அந்தச் சாம்பலில்
தூக்கம் வராது.

எழுந்துபோய்
லென்சுக்கு ரெண்டு முழம் முன்னால்
கையை நீட்டினேன்.
வீடு அணைந்தது.
நாலடி ஜன்னலுக்கு என் உள்ளங்கை போதுமாயிருந்தது.

கையை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது.
திருப்பூர் பனியன் பெட்டியில் அதே அளவு வெட்டி,
பள்ளிக்கூடத்துப் போர்டு பெயின்ட் அடித்து,
மைக் ஸ்டாண்டில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன்.
காற்றடித்தால் இருட்டு கொஞ்சம் ஆடியது.
ஆற்றில் ஓட்டை என்றார் இயக்குநர்.
ஓட்டையில்லை சார், ஆள் தூங்குகிறார் என்றேன்.

தாராபுரத்தில் நல்ல திரை.
அட்டையை வேனிலேயே விட்டுவிட்டேன்.
லேப்டாப்பில் வரைந்த கட்டத்தை அழிக்க மறந்துவிட்டேன்.
வெள்ளம் வந்தது, திரையெல்லாம் புரண்டது,
வலது கோடியில் ஒரு சதுரத்தை மட்டும்
தொடாமல் போனது.
முடிந்ததும் ஒரு பெண் எழுந்து
அந்த ஒரு வீட்டை மட்டும்
தண்ணீர் ஏன் விட்டது என்று கேட்டாள்.
இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.
பணியாத மனம், அழியாத நிலம்,
இன்னும் பத்து நிமிஷத்துக்கு ஏதேதோ.
நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
இனி அந்தக் கட்டம் இருக்கட்டும் என்றார் என்னிடம்.

இன்று அந்தியூர்.
மறைப்புகள் வரிசையாக இருக்கின்றன,
நான் இட்ட பெயர்களோடு:
வேப்பங்கிளை. நல்வரவு. குப்பண்ணன் தலை.
எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
கடைசியாக உள்ள சிப்டுக்காரரை மட்டும் விட்டுவைக்கிறேன்.
வெள்ளம் திறக்கும்போது
மணி ஒன்பது ஐம்பது.
இன்னும் பத்து நிமிஷம் தூங்கலாம் அவர்.